முத்து, உன் கோமதியின் புருவக் கோடுகள் பற்றி

என் ஆசை மகன் முத்துவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். வாசித்துச் சொல்ல நீ இருந்தவரை எனக்கு எழுத்து தேவைப்படவில்லை. நீ போன பிறகு வாசகசாலையில் மாலை நேரத் தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன், மெதுவாக எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் கை கடுக்கிறது. ஆனாலும் முடிந்த வரியைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது எனக்குள் ஒரு சிரிப்பு வருகிறது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

காலம் முழுக்க ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவன் நான். அந்த மூட்டைகளின் மேல் என்ன எழுதியிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. போன வாரம் ஒரு மிளகாய் மூட்டைக்கு முன்னால் நின்று, 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று சத்தமாக வாசித்தேன். உச்சி வெயிலில் என் தலைமேல் உட்கார்ந்து அது இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வகுப்பு எடுக்கும் டீச்சர், வாசகசாலை மலரில் போட ஏதாவது எழுதித் தரச் சொன்னார். யாருக்காவது கடிதமாக எழுதுங்கள், சுலபமாக வரும் என்றார். எனக்கு எழுத உன்னை விட்டால் ஆள் இல்லை. எதை எழுதுவது என்று யோசித்தேன். நம் வீட்டில் இப்போது நடந்திருப்பது ஒன்றுதான். உன் கோமதி இரண்டு புருவங்களுக்கும் நடுவில் ஊசி போட்டுக்கொண்டாள்.

அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, ஆனா என்ன ரொம்ப நல்லவளா எழுதாதீங்க. உள்ளத எழுதுங்க" என்றாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். அந்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. நம் வழக்கப்படி கோமதியின் பொட்டை எடுத்தார்கள். அந்தப் பெரிய அரக்குப் பொட்டு இல்லாத அவள் முகத்தை நாங்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம். பொட்டு இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். புருவத்துக்கு நடுவில், நெட்டுக்குத்தாக, பேனாக்கத்தியால் கீறியதுபோல.

துக்கத்தில் விழுந்த கோடு என்று நினைத்தோம். வேறு என்ன நினைப்போம்? உன் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி அழுதாள். "எம்மவன் போன துக்கம் அவ நெத்தியில விழுந்து கெடக்கு பாருங்க. ஒரே நாள்ல." பார்க்க வந்த பெண்களும் கோமதியின் நெற்றியைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்கள்.

அதிலிருந்து நம் வீடு அடங்கிப்போனது, முத்து. அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். அதனால் அவள் இருக்கும்போது உன் பெயரை எடுக்கமாட்டோம். உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை உன் அம்மா வாங்குவதையே விட்டாள். உன் மகள் தர்ஷினி உன் போட்டோவை அலமாரிக்குள் வைத்தாள். எங்களுக்கு உள்ளே ஆயிரம் பேச்சு இருந்தது. வெளியே, சாப்பிட்டாச்சா, மழை வருதா, அவ்வளவுதான். அந்தக் களைப்பை எப்படிச் சொல்வது? மூட்டை சுமந்த காலத்தில்கூட எனக்கு இப்படி அலுத்ததில்லை. மூட்டையை எங்கே இறக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இதற்கிடையில் கிழக்கேகோட்டையில் அவள் வேலை பார்க்கும் துணிக்கடையில் பிரச்சினை வந்தது. சேலைப் பிரிவில் நிற்கிறவள் அல்லவா? உனக்கே தெரியும், எடுக்க மனமில்லாமல் வந்தவர்களைக்கூட எடுக்க வைத்துவிடுவாள். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, "கோமதீ, நின்றெ முகத்து எப்போழும் ஒரு தேஷ்யம்" என்றாராம், எப்போதும் முகத்தில் கோபம் என்று. அவளுக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, "தேஷ்யம் ஒன்னும் இல்ல சார், என் முகமே இப்படித்தான்" என்றிருக்கிறாள். "வாங்கான் வருந்நவர்க்கு அது அறியில்லல்லோ", வாங்க வருகிறவர்களுக்கு அது தெரியாதே என்று சொல்லிவிட்டு அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார். பார்சல் கட்டுகிற இடம். ஜன்னல் கிடையாது.

யாரோ ஒரு அம்மாள் புகார் சொன்னாராம். நாலு சேலை பிரித்துக் காட்டச் சொன்னபோது அந்தப் பெண் முறைத்தாள் என்று. அவள் முறைக்கவில்லை, முத்து. சேலையின் கரையைப் பார்த்திருக்கிறாள். கூர்ந்து பார்த்தால் அவள் முகம் அப்படி ஆகிவிடும்.

அவள் கீழே போனதை எங்களிடம் சொல்லவில்லை. தர்ஷினிதான் கண்டுபிடித்தாள். பிறகு வீட்டில் வைத்தியம் ஆரம்பமானது. உன் அம்மாவுக்குத் தெரியாமல் மகளும் தாயும் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். கற்றாழை. பிறகு ஏதோ ஒரு க்ரீம். தர்ஷினி போனில் பார்த்துவிட்டு வந்து, படுக்கும்போது புருவத்துக்கு நடுவில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளச் சொன்னாள். மறுநாள் காலையில் அதைப் பிய்த்தபோது பாதிப் புருவம் கூடவே வந்துவிட்டது.

"எந்தாம்மா இது, அனங்காதே இருந்நூடே?" என்று மகள் மலையாளத்தில், அசையாமல் இருக்கக் கூடாதா எனக் கத்த, "நீ பேசாம போட்டி, உன் பேச்சக் கேட்டேன் பாரு" என்று தாய் கத்த, அடுப்படியிலிருந்து உன் அம்மா, "என்னட்டி அங்க சத்தம்?" என்றாள். இரண்டு பேரும் ஒரே குரலில், "ஒண்ணுமில்ல" என்றார்கள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். இப்போது அந்தத் தாள் எனக்கு வாசிக்கவும் உதவுகிறது, ஒளிந்துகொள்ளவும் உதவுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதி நேராக என்னிடம் வந்தாள். "மாமா, பட்டம் ஜங்ஷன்ல ஒரு ஸ்கின் டாக்டர் இருக்காங்க. நெத்திக்கு ஊசி போடுவாங்களாம். ஓணத்துக்கு முன்னாடி போட்டாத்தான் சீசனுக்கு என்ன மறுபடி மேல சேலப் பிரிவுல எடுப்பாங்க. நான் சேத்து வச்சதுல போட்டுக்கிடுதேன். நீங்க கூட வருவீங்களா?"

"பொட்டை மறுபடி வச்சுக்கிடலாமே அம்மா, இந்தக் காலத்துல யாரு என்ன சொல்லப் போறா?" என்றேன்.

"வச்சுக்கிடலாம். ஆனா இதுக்காக வைக்க மாட்டேன் மாமா. மறைச்சு மறைச்சு எனக்கே சலிச்சுப்போச்சு."

மறைத்து மறைத்து என்றால் என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அதற்குள் உன் அம்மா வந்து நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எங்க ஊசி போடப் போற?"

"நெத்தியில அத்த."

"எம்மவன் போன துக்கம்னு இந்த வீட்டுல கண்ணுக்குத் தெரியுதது அது ஒண்ணுதான். அதையும் ஊசி போட்டு அழிச்சிரப் போறியா? அவ்வளவு பாரமா இருக்கானாட்டி அவன் உனக்கு?"

உன் அம்மா அப்படிப் பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அவள் வாய் அன்றைக்கு அவள் கையில் இல்லை. கோமதி உன் அம்மா பக்கம் திரும்பி நின்றாள். அப்புறம் சொன்னாள்.

"அத்த, இது அவரு போனதுல வந்த கோடு இல்ல. நான் இந்த வீட்டுக்கு வரும்போதே இருந்துச்சு. ஆலங்குளத்துல நான் சின்ன வயசுலேயே பீடி சுத்த உக்காந்தவ. குண்டு பல்பு வெளிச்சத்துல இலையப் பாத்துப் பாத்து மடக்குனதுல விழுந்தது. நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப, கோடு தெரியக் கூடாதுன்னு எங்கம்மதான் பெரிய பொட்டா ஒட்டி விட்டா. அதுல இருந்து ஒரு நாள் கூட நான் சின்னப் பொட்டு வச்சதில்ல."

முத்து, பெண் பார்க்கப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அம்மா என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா? 'பொண்ணு எப்படியோ போகட்டும், நெத்தி நிறையப் பொட்டு வச்சு என்ன லட்சணமா இருக்கா' என்றாள். அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னாள்.

உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். இத்தனை நாள் எதைப் பார்த்து அழுதாளோ அது உனக்காக வந்ததே இல்லை என்று தெரிந்தால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்? "அப்போ எம்மவனுக்குன்னு உன் முகத்துல ஒண்ணுமே இல்லையாட்டி?" என்று கேட்டாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"முகத்துலதான் இருக்கணுமா அத்த?" என்றாள் கோமதி. உள்ளே போய் அரிசி களையத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தி குழம்பு வைத்தால் மற்றவள் ரசம் வைப்பாள். நடுவில் நான். இரண்டையும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு இரண்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அலுத்துவிட்டது, மகனே. உனக்கு இது தெரிந்திருந்ததா? அந்தப் பொட்டுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று உனக்கு மட்டும் தெரியுமா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் சில நாள் கழிந்தது.

பட்டத்து டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். உன் அம்மா வரவில்லை. 'போயிட்டு வாரோம்' என்று சொன்னதற்கு, 'குடை எடுத்தீங்களா' என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மலையாளிதான், ஆனால் வேலூரிலோ எங்கேயோ படித்ததால் தமிழ் பேசினார். கோமதியை நாற்காலியில் சாய்த்து, "ஒரு தடவை கோபமா முகத்தை வைங்க. எந்தத் தசை இழுக்குதுன்னு பார்க்கணும்" என்றார். அவளுக்குக் கோபம் வரவில்லை. கடையில் கோபம், கோபம் என்று கீழே அனுப்பினார்கள். இங்கே கோபப்படு என்றால் சிரிப்பு வருகிறது. அவள் முயற்சி செய்யச் செய்ய முகம் மலர்ந்துகொண்டே போகிறது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லுங்க அங்கிள்."

"நேத்து நீ வச்ச மீன் குழம்பு அத்தைக்குப் பிடிக்கலையாம். உப்பே இல்லையாம்" என்றேன்.

"அத்தையா சொன்னாங்க? மூணு தடவ ஊத்திச் சாப்பிட்டுட்டு?"

"அதேதான், அப்படியே இருங்க" என்று டாக்டர் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டார். கோடு இரண்டும் முழுசாக எழுந்து நின்றன.

பிறகு எங்களுக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னார். க்ரீம் தோலைக் கொஞ்சம் மிருதுவாக்கும், ஆனால் இவ்வளவு ஆழமான கோட்டை எடுக்காது. தோலை உரிக்கிற மருந்தும் லேசரும் மேல்தோலில்தான் வேலை செய்யும், கோட்டை உண்டாக்குவது அடியில் இழுக்கிற தசை. பள்ளத்தை நிரப்புகிற ஜெல் ஊசி ஒன்று இருக்கிறது, ஆனால் அந்த இடத்து ரத்தக்குழாய்களுக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டு, அதில் அடைப்பு வந்தால் பார்வைக்கே ஆபத்து, அதனால் அதை நான் அங்கே போடுவதில்லை என்றார். மிச்சம் இருப்பது போடாக்ஸ் ஊசி. அது அந்தத் தசையைத் தளர்த்தும். சில மாதம் இருக்கும், பிறகு மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிடும். சிலருக்குத் தலைவலி வரும். அபூர்வமாக ஒருவருக்கு இமை கொஞ்சம் தொங்கிப்போய்ப் பிறகு சரியாகும். வேறு நோய் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் பண்ணாமலும் இருக்கலாம். இது நோய் இல்ல. இன்னைக்கே முடிவு பண்ணணும்னும் இல்ல. வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாங்க" என்றார்.

"யோசிச்சாச்சு டாக்டர். வீட்டுல இருக்கிற எல்லாருமே யோசிச்சாச்சு" என்றாள் கோமதி.

"நிரந்தரம் இல்லன்னு சொல்லுதாங்களே அம்மா" என்று நான் காதோரம் சொன்னேன்.

"எதுதான் மாமா நிரந்தரம்?" என்றாள். சலிப்பாகத்தான் சொன்னாள். எனக்கு உன் நினைப்பு வந்தது.

ஊசி போட நான் ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எறும்பு கடித்ததுபோல் சின்னச் சின்னத் தடிப்பு. தேய்க்கக் கூடாது, உடனே போய்ப் படுக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். போகும்போது என் நெற்றியையும் ஒரு பார்வை பார்த்து, "அங்கிளுக்கும் ஒண்ணு போட்டுடலாமா?" என்றார். "வேண்டாம் டாக்டர், சும்மாட்டுத் துணி அழுத்தி அழுத்தி விழுந்தது. ஊசி மருந்து பத்தாது" என்றேன். எல்லாரும் சிரித்தோம். கோமதி சிரித்ததை எத்தனை காலத்துக்குப் பிறகு பார்த்தேன்!

உடனே ஒன்றும் மாறவில்லை. உன் அம்மா கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். சில நாள் கழிந்ததும் கோடு மங்கியது. அதற்கும் சில நாள் கழித்து நெற்றி அலம்பி வைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. கடையில் மேனேஜர் பார்த்துவிட்டு, "ஆ, இப்போ கொள்ளாம்", இப்போது நன்றாக இருக்கிறது என்று மேலே சேலைப் பிரிவுக்கே அனுப்பிவிட்டார். ஓணக் கூட்டம். கால் வீங்க நின்றுவிட்டு வருகிறாள். ஆனால் ஜன்னல் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள்.

இனிமேல்தான் முக்கியமானதைச் சொல்ல வேண்டும். மேலே போன அன்றைக்குச் சாயங்காலம். தட்டில் சோறு போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். கோமதியின் முகத்தைப் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது. நல்ல செய்தி, சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்து நான் பாட்டுக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டேன். ஏதோ கேட்பதற்காக மறுபடி நிமிர்ந்து பார்த்தால், கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. நெற்றி அசையவே இல்லை, முத்து. புருவம் நெரியவில்லை. முகம் அப்படியே இருக்கிறது, கண்ணீர் மட்டும் தாடையில் இறங்கித் தட்டில் விழுகிறது. எவ்வளவு நேரமாக அழுதுகொண்டிருக்கிறாளோ?

"என்னம்மா, என்ன ஆச்சு? கடையில யாரும் ஏதாவது சொன்னாங்களா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு சொன்னாள். "இந்த இடத்த அவரு பெருவிரலால நீவி விடுவாரு மாமா. நான் பொட்ட எடுத்துட்டுப் படுக்கப் போறப்ப. 'இரு கோமு, இஸ்திரி போடுதேன்'னு சொல்லிச் சொல்லி நீவுவாரு. ஒரு நாளும் போகல. இன்னைக்குக் கடைக் கண்ணாடியில பாக்கேன், இஸ்திரி போட்ட மாதிரியே இருக்கு. காட்டுததுக்கு ஆளு இல்ல."

உன்னோடு வாழ்ந்ததைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது அன்றைக்குத்தான். உனக்குத் தெரிந்திருக்கிறது. என் கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள்.

அடுப்படியிலிருந்து உன் அம்மா எழுந்து வந்தாள். நேராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவனா? அவனா இஸ்திரி போட்டான்? ஒரு சட்டையக்கூட தேய்ச்சுப் போட்டவன் இல்லையேட்டி அவன். கசங்குன சட்டையோட சரக்குப் பெட்டி ஆட்டோ ஓட்டிக்கிட்டுத் திரிஞ்ச பயல்லா?" என்றாள்.

கோமதிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "கல்யாணச் சட்டையே கசங்கித்தான் இருந்துச்சு அத்த."

"நான் தேய்ச்சுத்தான் குடுத்தேன். பஸ்ஸுல சுருட்டி வச்சுத் தூங்கிட்டான்."

"ஆச்சி, அது எந்த பஸ்?" என்று தர்ஷினி கேட்டாள். அவ்வளவுதான். சோறு ஆறிப்போனது. உன்னைப் பற்றியே பேசினோம். நீ செய்த கூத்து, சொன்ன பொய், ஒரு தடவை விழிஞ்ஞத்தில் மீன் வாங்கப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டே நின்று மீனை மறந்துவிட்டு வந்தது. கோமதி பேசப் பேசத்தான் ஒன்று தெரிந்தது. நாங்கள் உன் பெயரை எடுக்காமல் இருந்ததை அவள் வேறு மாதிரி நினைத்திருக்கிறாள். 'இவ ராசியாலதான் எம்மவன் போயிட்டான்' என்று நாங்கள் மனதுக்குள் வைத்திருக்கிறோம், அதனால்தான் பேசுவதில்லை என்று. அவள் நெற்றியைப் பார்த்து நாங்கள் பயந்தோம். எங்கள் வாயைப் பார்த்து அவள் பயந்திருக்கிறாள். ஒரே கூரைக்குக் கீழே இப்படி எத்தனை நாள் போய்விட்டது, சொல்.

உன் போட்டோ இப்போது வெளியே வந்துவிட்டது. உன் அம்மாவுக்கு இன்னும் முழு மனதில்லை. 'மொகம் மொழுமொழுன்னு பொம்ம மாதிரி இருக்கு' என்று முணுமுணுக்கிறாள். ஆனால் கோமதி கடையிலிருந்து வந்ததும் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள்.

எனக்குக் கை ஓய்ந்துவிட்டது, மகனே. இதை எழுதி முடிக்க ஓணமே முடிந்துபோனது. உடம்பும் முன்னைப்போல் இல்லை. வகுப்புக்குப் போகும் மாடிப்படி நீண்டுகொண்டே போகிறது. இருந்தாலும் உன் பெயரை என் கையாலேயே எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றே எழுத்து. அழகாக இருக்கிறது.

ஊசியின் வேலை தீர்ந்து கோடு திரும்பி வரும்போது அவள் மறுபடி போவாளோ, போதும் என்று விடுவாளோ, அது அவள் பாடு. போனால் நான் துணைக்குப் போவேன். நான் உனக்குத் தருகிற வாக்கு வேறு. கோமதியின் முகத்தைப் பார்த்து நாங்களாக ஒன்றை நினைத்துக்கொண்டு இனி ஒரு நாளும் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டோம். கேட்பேன். அவள் வேலை முடிந்து வரும்போதெல்லாம், 'இன்னைக்கு எப்படிம்மா இருக்கே, முத்துவ நெனச்சியா?' என்று உன் பெயரைச் சொல்லியே கேட்பேன். நெனச்சேன் என்றால் உட்கார்ந்து கேட்பேன். நெனைக்கல என்றால் அதையும் நல்லது என்று எடுத்துக்கொள்வேன்.

கோமதிக்கும் இப்போது அப்பாவாகிவிட்ட,
உன் அப்பா